பலகையில் கட்டிய சாவி

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே கடை வைத்திருப்பவள் எதையும் பார்க்காத மாதிரி இருந்துவிட முடியாது. நோட்டு, பேனா, ஸ்கேல் விற்கிற சின்னக் கடைதான் என்னுடையது. கல்லாவுக்குக் கீழே, வெளியில் தெரியாத ஒரு தட்டில், நாப்கின் பொட்டலங்களும் வைத்திருக்கிறேன். அதை வாங்க வருகிற பெண்பிள்ளை முதலில் ஒரு ரப்பர் கேட்கும். அப்புறம் ஒரு பென்சில். கடையில் வேறு யாரும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அக்கா, அது" என்று இழுக்கும். எது என்று நானும் கேட்பதில்லை. செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, ஏதோ திருட்டுச் சாமான் கைமாற்றுகிற மாதிரி கொடுத்து அனுப்புவேன்.

சாவியக்கா எனக்குப் பழக்கமானது இந்தக் கடையால்தான். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, கழிப்பறை கழுவுகிற வேலை அவளுக்கு. மத்தியானம் என் கடைப் பின்பக்கக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு நாள் லோடு ஏற்றிக்கொண்டு போனான். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. "லாரிக்கு முதலாளி இருந்தான், தேடிக் கண்டுபிடிச்சான். எம்புருஷனுக்கு நான்தான் முதலாளி, எனக்குத் தேடத் துப்பில்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் சிரிப்பைப் பார்த்து நாமும் சிரித்துவிடுவோம். வீட்டுக்குப் போன பிறகுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று உறைக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பெண்பிள்ளைகளின் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. யாரோ நாப்கினை உள்ளே போட்டு, குழாய் அடைத்துக்கொண்டு, குழாயைச் சரிபண்ணுவதைவிடப் பூட்டுப் போடுவது சுலபம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் திறந்திருந்த காலத்திலும் பெரிய வாழ்வு ஒன்றுமில்லை. சாவி ஆபீஸ் ரூமில் இருக்கும். தொலைந்துபோகாமல் இருக்க அதை ஒரு பலகையில் ஆணி அடித்துக் கட்டியிருந்தார்கள். சிலேட்டு அளவுக்குப் பலகை, அதில் சிவப்புப் பெயின்ட்டில் "பெண்கள்" என்று எழுத்து. தேவைப்படுகிறவள் ஆபீசுக்குள் போய், கிளார்க்கிடம் கேட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு, பையன்கள் உட்கார்ந்திருக்கிற அத்தனை வகுப்பையும் தாண்டி வராந்தாவின் கடைசிக்குப் போக வேண்டும். மைக் பிடித்து அறிவித்திருந்தாலும் இந்த அளவுக்கு ஊருக்குத் தெரிந்திருக்காது.

அதனால் யாரும் போகவில்லை. அடக்க முடிந்தவள் அடக்கிக்கொண்டாள். முடியாதவள் அந்த நாட்களில் வீட்டோடு இருந்தாள். மாதாமாதம் இப்படி நின்று நின்று பாடம் விட்டுப்போய், சிலர் மொத்தமாக நின்றுவிட்டார்கள். பெரிய வகுப்பாகப் போகப் போகப் பெண்கள் பக்கத்துப் பெஞ்சு காலியாகிக்கொண்டே வரும். இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று வாத்தியார்கள் என் கடை வாசலில் நின்று வருத்தப்படுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வியாபாரம் செய்கிறவள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

சாவியக்கா மூடவில்லை. தலைமை ஆசிரியரின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"குழாய நான் பாத்துக்குறேன் சார். சாவிய எங்கிட்ட குடுத்துடுங்க."

"மறுபடியும் அடைச்சா?"

"அடைச்சா நீங்களே பூட்டிக்குங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அந்தப் பேச்சின் பேரில் சாவி பலகையிலிருந்து அவிழ்ந்து அவள் இடுப்புக்கு வந்தது. பெயரும் அப்போது வந்ததுதான். உள்ளே மூடி போட்ட வாளி ஒன்று வைத்தாள். டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைப்பாள். கதவில் உடைந்து கிடந்த கொண்டியைப் பிடுங்கிவிட்டுப் புதுசு அடித்தாள். வாளியில் சேர்வதைச் சாயந்திரம் மதிலுக்குப் பின்னால் கொண்டுபோய் எரிப்பாள். அந்தப் புகை கண்ணில் பட்டு இமை எப்போதும் சிவந்திருக்கும். எந்தப் பெண்ணும் அவளிடம் வாய் திறந்து கேட்கத் தேவையில்லை. வராந்தா முனையில் வந்து நின்றாலே முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுவாள். கொஞ்சம் நேரமானால், "உள்ள குடும்பம் நடத்துறியாடி? வெளிய ஒருத்தி நிக்கிறா பாரு" என்று குரல் கொடுப்பாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வரும். காலிப் பெஞ்சுகள் மெல்ல நிரம்புவது என் கண்ணுக்கே தெரிந்தது, கல்லாவுக்குக் கீழே இருக்கிற தட்டு சீக்கிரம் காலியாக ஆரம்பித்தது.

"வாங்குற சம்பளத்துக்கு எதுக்குடி இவ்வளவு மெனக்கெடுற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எம்பொண்ணு வரப்போகுதுல்ல" என்றாள்.

மகள் அதுவரை பெரியம்மா வீட்டில் வளர்ந்தது. அங்கே எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. ஒன்பதாவதுக்கு இங்கேதான் வந்தாக வேண்டும். பன்னிரண்டாவது முடித்து, ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். சாவியக்காவுக்கு வாழ்க்கையில் இருந்தது இந்த ஒரே ஆசை. வேறு எதைக் கேட்டாலும் "அதெல்லாம் யாருக்கு வேணும்" என்றுவிடுவாள்.

மகள் வந்தது. ஒல்லியாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையோடு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை. கணக்கில் கெட்டி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெரியப்பா வந்து கையெழுத்துப் போட்டார். தாய் வாசலுக்கு வெளியே என் கடையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அது மகள் போட்ட நிபந்தனை என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் இவள் அம்மா இல்லை. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்புவதில்லை. தாய் பின் வாசலில் நுழைவாள், மகள் முன் வாசலில். வராந்தாவில் எதிர்ப்பட்டால் மற்றப் பிள்ளைகள் மாதிரி இதுவும் சாவியக்கா என்றுதான் கூப்பிடும்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். "பெத்தவளை அக்கான்னு கூப்பிடுற அளவுக்கு என்னடி கொழுப்பு? ரெண்டு அறை விட்டா சரியாப் போயிடும்."

"அட விடுக்கா. அது சொல்றதும் நியாயம்தான். கக்கூஸ் கழுவுறவ பொண்ணுன்னு தெரிஞ்சா எவ பக்கத்துல உக்காருவா? சோத்து டப்பாவத் தொறந்தா மூக்கப் பொத்துவாளுங்க. படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் அக்காவாவே இருந்துட்டுப் போறேன். என்ன கொறஞ்சு போச்சு?"

ஒரு நாள் வீட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த மகள், தலையைத் தூக்காமலே "அக்கா, தண்ணி குடு" என்றாளாம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதை என்னிடம் சொல்லும்போதும் சாவியக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், யாருக்காக அந்தக் கழிப்பறையைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாளோ அந்தப் பிள்ளை அங்கே காலெடுத்து வைக்கவில்லை. அம்மா கதவைத் திறந்துவிட்டு, அம்மா வெளியே நிற்க, தான் போட்டுவிட்டு வருவதை அம்மா வாளியில் அள்ளிக்கொண்டு போவதைக் கூடப் படிக்கிறவர்களோடு நின்று பார்ப்பதா? அதற்கு உடம்பு கூசியது. காலையில் வீட்டில் வைத்துக்கொண்டு வருவதோடு சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருக்கும். நடுவில் போக வேண்டி வந்துவிடுமோ என்று தண்ணீர் குடிக்காது. விளையாட்டுப் பீரியடில் தலைவலி என்று மரத்தடியில் இருந்துவிடும். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கு எப்போது என்று சாவியக்காவுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். தன் பிள்ளைக்குச் சாயந்திரம் துணி துவைக்கும்போதுதான் தெரியும்.

"பாடம் நடக்கும்போது வா பாப்பா. யாரும் இருக்க மாட்டாங்க. நான் வாசல்ல காவலுக்கு நிக்கிறேன்" என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறாள்.

"நீ நிக்கிறதுதாம்மா பிரச்சனையே" என்று சொல்லிவிட்டது மகள்.

பத்தாவது பாதியில் மகளுக்கு உடம்பு முடியாமல் போனது. தொடை இரண்டும் வெந்து, நடக்கும்போது காலை அகட்டி வைத்தது. சிறுநீர் போகும்போது எரிச்சல், அப்புறம் குளிர் காய்ச்சல். டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை அன்று சாயந்திரம் என்னிடம் அப்படியே சொன்னாள்.

"ஒண்ணையே நாள் பூரா வெச்சிருந்தா இப்படித்தாம்மா புண்ணாகும். அடிக்கடி மாத்தணும், கழுவணும், தண்ணி நல்லாக் குடிக்கணும். ஸ்கூல்ல டாய்லெட் இல்லையா?"

"இருக்கு டாக்டர்."

"சுத்தமா இருக்காதா?"

"சுத்தமாத்தான் இருக்கும்."

"அப்புறம் என்ன?"

சாவியக்கா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வழி அவளுக்குத்தான் தோன்றும். மகளுக்கு அடுத்த தடவை வருகிற நாட்களில் தான் வேலைக்கு லீவு போட்டுவிடுவது. தான் இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது, மற்றவர்களைப் போல அதுவும் போய் வரும். இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் சாயந்திரமே டிரம்மை விளிம்பு வரை நிரப்பினாள். வாளியைக் காலி செய்து, கழுவிக் கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தி வைத்தாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சாவியை ஆபீசில் கொடுத்தாள்.

கிளார்க் அதை வாங்கிய கையோடு பழைய பலகையைத் தேடி எடுத்துக் கட்டிவிட்டான்.

அது அவளுக்குத் தெரியாது. அந்த நாட்களில் அவள் என் கடைப் பின்பக்கம்தான் இருந்தாள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சாக்கு மறைவிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் மகள் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. "பலகையைத் தூக்கிட்டுப் போகணுமாம்" என்று சாயந்திரம் மகள் சொன்னதும் என் கடைக்கு ஓடி வந்தாள். மறுநாள் போய்ச் சாவியை வாங்கிவிடலாமா என்று என்னைக் கேட்டாள். வீட்டுக்குத் திரும்பியதும் மகளே சொல்லியிருக்கிறது: "நீ வராதம்மா. நாளைக்கு நான் போறேன். டாக்டர் சொன்னாங்கல்ல."

சொன்னபடி மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை போனது. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அது பாட்டுக்கு வழக்கம்போல அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆபீசுக்குள் போய், கிளார்க்கிடம் கேட்டு, பலகையை நெஞ்சோடு அணைத்து எழுத்தை மறைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்திருக்கிறது. பையன்கள் பெஞ்சைத் தட்டினார்களாம்.

உள்ளே டிரம் காலி. போய்ப் பழகிவிட்ட பிள்ளைகள் சிலர் பலகையைத் தூக்கிக்கொண்டாவது வந்துபோயிருக்கிறார்கள், ஆனால் இரண்டு நாளாக யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. வாளி நிரம்பி, மூடி கீழே கிடந்து, சுற்றிலும் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போனது சிதறிக் கிடக்கிறது. கழுவ வழியில்லை, வைக்க இடமில்லை. பையில் போட்டு வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனால் நாற்றம் வரும். முந்தின நாள் வந்தவர்கள் என்ன செய்திருந்தார்களோ அதையே இதுவும் செய்தது. கழிப்பறைக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டு வந்துவிட்டது.

பையன்கள் பக்கத்துத் தண்ணீரும் அதே குழாயில்தான் போகும். மத்தியானச் சாப்பாடு முடிந்து அத்தனை பேரும் போய்வந்த பிறகு, எல்லாம் எதிர்த்துக்கொண்டு பெண்கள் பக்கம் மேலே வந்தது. கதவிடுக்கு வழியாக வராந்தாவுக்கு வழிந்தது. கொஞ்ச நேரத்தில் பியூன் மூக்கைப் பொத்திக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தான். சாவியக்கா சாக்கு மறைவிலிருந்து எழுந்து நின்றாள். உடம்பு சரியில்லாதவள் இங்கே என்ன செய்கிறாள் என்று கேட்கிற நிலைமையில் அவனும் இல்லை. அடைப்பு எடுக்கிற நீளக் கம்பியை அவள் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாகப் பிடித்துக்கொண்டு போனோம்.

வராந்தாவில் கூட்டம். தலைமை ஆசிரியர் வேட்டைக்கு வந்தவர் மாதிரி நின்றார். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், சாவியக்காவின் பழைய பேச்சில், அடைத்தால் பூட்டிக்கொள்ளலாம் என்கிற பாதியை மட்டும்தான் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கடைசியாகப் பலகையை வாங்கிக்கொண்டு போனது யார் என்று கேட்டிருக்கிறார். கிளார்க் கையை நீட்டிவிட்டான். மகள் சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. கையில் இன்னும் அந்தப் பலகை இருந்தது. அதை யாரும் வாங்கி வைக்கவில்லை.

"இந்தப் பொண்ணுதாம்மா" என்றார் எங்களைப் பார்த்து. "கண்டதைப் போட்டு அடைச்சு வெச்சிருக்கு."

"தண்ணி இல்லாம இருந்திருக்கும் சார்" என்றாள் சாவியக்கா.

"நீ ஏன் அவளுக்குப் பரிஞ்சு பேசுற? இவங்களுக்கெல்லாம் இப்படிச் செஞ்சாத்தான் புத்தி வரும். ஏம்மா பொண்ணு, நீ போட்டதுதானே? நீயே எடு. எல்லாரும் பாக்கட்டும்."

மகள் பலகையைக் கீழே வைத்தது. நிஜமாகவே பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த அழுக்குத் தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தது. எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை. நான் சாவியக்காவைப் பார்த்தேன். பேசாமல் இரு, அந்த ஆள் போனதும் நீயே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் கம்பியைப் போட்டுவிட்டாள்.

"எம்புள்ள இதுல கை வெக்காது" என்றாள். "அது வெக்கக்கூடாதுன்னுதான் நான் வெச்சேன்."

பையன்கள்கூடச் சிரிக்கவில்லை. மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தது. அப்படி ஒரு பார்வையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. சாவியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். தோள் வரை கையை விட்டு எடுத்தாள். ஒன்றல்ல, வாளி நிறைய வந்தது. யார் யாருடையதோ. தலைமை ஆசிரியர் அதைப் பார்க்க நிற்கவில்லை.

மறுநாள் மகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. யாரும் அதைப் படிப்பிலிருந்து நிறுத்தவில்லை. வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்து கூப்பிட்டதாகவும் கேள்வி. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை. சாவியக்கா அழுது பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், காலில் விழுந்தும் பார்த்தாள். "நீ ஏம்மா சொன்ன? நான் கை வெச்சிருந்தா கழுவிக்கிட்டு வந்திருப்பேன்ல" என்று ஒரே கேள்வியைத்தான் அது கேட்டதாம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சாவியக்கா சொன்னாளாம். விட்டால் மட்டும் என்ன மாறிவிடும் என்று மகளுக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் கழிப்பறைக்குப் புதுப் பூட்டு விழுந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்தாலும் கேட்பாரில்லை. சாவியக்கா இப்போது பையன்கள் பக்கத்தையும் வாத்தியார்கள் பக்கத்தையும் கழுவுகிறாள். பிள்ளைகள் பழக்கத்தில் இன்னும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுகின்றன. பெஞ்சுகள் மறுபடி காலியாக ஆரம்பித்துவிட்டன. வாத்தியார்கள் என் கடை வாசலில் நின்று மறுபடி வருத்தப்படுகிறார்கள்.

மகள் சட்டை தைக்கிற கம்பெனிக்குப் போகிறாள். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்காலிகூட இல்லை, முதுகு சாயாத ஸ்டூல்.

போன வாரம் ஒரு சாயந்திரம், கம்பெனிப் பெண்கள் இரண்டு பேரோடு என் கடைக்கு வந்தாள். ரப்பர், பென்சில் என்று சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டாள். அதுவரைக்கும் நல்லது என்று பொட்டலத்தைச் சுற்றினேன். சாவியக்கா அப்போதுதான் கை கழுவிவிட்டுப் பின்பக்கமிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"கம்பெனில டாய்லெட் எல்லாம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"இருக்குக்கா" என்றாள் மகள். "மெஷின் லைனுக்கு ஒரு அட்டை. கழுத்துல மாட்டிக்கிட்டுப் போகணும். சூப்பர்வைசர்கிட்ட இருக்கும்."

"அந்த ஆளுகிட்ட யாரு போய்க் கேக்குறது? இவ காலையில வந்தான்னா சாயந்திரம் வரைக்கும் எந்திரிக்கவே மாட்டா" என்று கூட வந்தவர்களில் ஒருத்தி பெருமையாகச் சொன்னாள்.

சாவியக்காவுக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "தண்ணியாவது குடி பாப்பா. டாக்டர் என்ன சொன்னாங்க?"

கூட வந்த பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஈர முந்தானை, சிவந்த இமை, பினாயில் வாசனை.

"யாருடி இது?"

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.

"நான் படிச்ச ஸ்கூல்ல வேலை பாக்குற அக்கா."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சாவியக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"ஆமாம்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "சின்னதுலேருந்து தெரியும். கணக்குல கெட்டிக்காரப் புள்ள."